லயத்தில் இருந்துகொண்டே லயித்துப்போவது எப்படி?

இலங்கை மலையகத்தில் நான் மாலை வகுப்பு எடுக்கும் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பையன் இருந்தான். இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) கேரம் பலகையைப் போட்டுவிட்டால் அவனுக்கு வேறு நினைப்பே கிடையாது. சாரல் அடித்து முதுகு நனைந்திருக்கும். அம்மா மூன்று தரம் சாப்பிடக் கூப்பிட்டிருப்பார். ஒன்றும் காதில் விழாது. அதே பையன் கணக்குக் கொப்பியைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் தண்ணீர் குடிக்க எழும்புவான், அப்புறம் பென்சில் சீவுவான், அப்புறம் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைப் பக்கம் போய்விடுவான். "இவனுக்குப் படிப்பில ஆர்வமே இல்ல சேர்" என்று அவனுடைய அம்மா என்னிடம் வந்து அழுதார்.

ஆர்வம் இல்லாத பிள்ளை இரண்டு மணி நேரம் ஒரு பலகையின் முன்னால் குனிந்திருக்காது என்று அவரிடம் சொன்னேன். ஆர்வம் அவனிடம் தாராளமாக இருக்கிறது. கேரம் பலகை அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, கொப்பி நழுவ விட்டுவிடுகிறது. அப்படியென்றால் பலகையில் இருக்கிற எது கொப்பியில் இல்லை?

நானும் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அடுத்து எந்தக் காயை அடிக்க வேண்டும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அடித்த மறுநொடி, காய் குழியில் விழுந்ததா இல்லையா என்று கண்ணுக்கே தெரிகிறது. எதிரில் இருப்பவன் கிட்டத்தட்ட இவன் அளவுக்கே ஆடுகிறவன், அதனால் ஆட்டம் சலிக்கவும் இல்லை, கைவிட்டுப் போகவும் இல்லை. இந்த மூன்றையும் நீங்கள் கற்றுக்கொள்ள நினைக்கிற எதற்குள்ளும் கொண்டுவரலாம். சாதாரண தரக் கணக்கு, உயர்தரப் பாடம், ஆங்கிலம், தையல், கணினி, தப்பு மேளம், எதுவானாலும் சரி. ஒரு புதியவர் அதை எப்படித் தொடங்கலாம் என்று, நான் படித்ததையும் எங்கள் மலையில் செய்து பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

இதன் பெயர் என்ன?

மிஹாய் சிக்சென்மிஹாயி என்று ஓர் உளவியலாளர் இருந்தார். 1934இல் பிறந்த ஹங்கேரியர். இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பாவில் சிறுவனாக இருந்தவர். சுற்றிலும் எல்லாம் இடிந்துகொண்டிருந்த அந்த நாட்களில், சதுரங்கம் ஆடும்போது மட்டும் வெளியே நடப்பது தனக்கு மறந்துபோனதை அவர் கவனித்திருக்கிறார். பிறகு அமெரிக்கா போய் உளவியல் படித்து, ஓவியர்கள், மலையேறுகிறவர்கள், சதுரங்கக்காரர்கள், நடனக்காரர்கள், அறுவைச் சிகிச்சை செய்கிற வைத்தியர்கள் என்று பலரிடமும் போய், வேலை நன்றாக நடக்கும்போது உள்ளே எப்படி இருக்கிறது என்று கேட்டார். பலரும் ஓர் ஓட்டம் தங்களை இழுத்துக்கொண்டு போவதுபோல இருக்கிறது என்றார்கள். அதனால் அந்த நிலைக்கு 'ஃப்ளோ' என்று பெயர் வைத்தார்.

நமக்குப் புதுச் சொல் எதுவும் தேவையில்லை. லயிப்பு என்கிறோம், ஒன்றிப்போவது என்கிறோம். (நாம் குடியிருக்கும் லயமும், அதாவது தோட்டத்து வரிசை வீடும், இந்த லயமும் வேறு வேறு. வீட்டு லயம் 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள் வளர்ந்த எனக்கு, இரண்டு சொல்லும் ஒரே ஓசையில் இருப்பது சின்ன வயதிலிருந்தே பிடிக்கும்.)

லயித்திருக்கும்போது செய்கிறவரும் செயலும் ஒன்றாகிவிடுகிறார்கள். யார் பார்க்கிறார்கள், என்ன சொல்வார்கள் என்ற நினைப்பு அடங்கிவிடுகிறது. ஒரு மணி நேரம் பத்து நிமிடம் மாதிரிப் போய்விடுகிறது. இன்னொன்றையும் சிக்சென்மிஹாயி கண்டார். ஆட்களிடம் பேஜர் கருவியைக் கொடுத்து, நாளில் பல தடவை எதிர்பாராத நேரத்தில் ஒலிக்க வைத்து, அந்த நிமிடம் என்ன செய்கிறீர்கள், மனம் எப்படி இருக்கிறது என்று எழுதச் சொன்னார். ஜூடித் லெஃபெவ்ருடன் சேர்ந்து 1989இல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, அப்படி ஒன்றிப்போகிற நேரம் ஓய்வில் வந்ததைவிட வேலையில்தான் அதிகம் வந்தது. ஆனாலும் வேலையில் இருந்தவர்கள் வேறு எங்காவது இருக்கத்தான் விரும்பினார்கள். நம் மனம் எதை விரும்புகிறது என்பதும் எதில் நிறைகிறது என்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. 'மனசு வரட்டும், அப்புறம் உட்காரலாம்' என்று காத்திருப்பதில் உள்ள சிக்கல் இதுதான்.

முதல் படி: உங்கள் காரணத்தை உங்கள் வாயால் சொல்லுங்கள்

ஒரே ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கிலமும் கணக்கும் தையலும் சேர்த்துத் தொடங்க வேண்டாம். பிறகு, ஏன் இது என்று ஒரு வரி எழுதுங்கள்.

இந்த ஒரு வரி லேசானதல்ல. நம் வீடுகளில் காரணம் ஏற்கெனவே தயாராக இருக்கும்: "இந்தக் கூடையை நான் சுமந்தது போதும், நீ சுமக்கக் கூடாது." அம்மா சொல்வது அன்பினால்தான், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த வரியின் பாரத்தை வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறக்கிற பிள்ளைக்கு, ஒவ்வொரு பிழையும் அம்மாவுக்குச் செய்த துரோகம் மாதிரித் தெரிகிறது. அப்புறம் புத்தகத்தைத் திறக்கவே பயமாக இருக்கும்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து, மனிதனுக்கு உள்ளிருந்து உந்துதல் வர மூன்று தேவைகள் நிறைய வேண்டும் என்றார்கள். இது என் விருப்பத்தில் நடக்கிறது என்ற உணர்வு, எனக்குக் கை வருகிறது என்ற உணர்வு, எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. முதலாவதுதான் இந்தப் படி.

என்னிடம் ஆங்கிலம் படிக்க வந்த ஒரு தங்கச்சி முதலில் எழுதியது "எதிர்காலத்துக்கு நல்லது". அதைக் கிழித்துப் போடச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து வேறொன்று எழுதி வந்தாள். அவளுடைய அப்பாவுக்குச் சேமலாப நிதி சம்பந்தமாக ஒரு கடிதம் வந்திருந்தது. வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. அப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாலு நாள், வாசித்துச் சொல்ல ஆள் தேடித் திரிந்திருக்கிறார். "அடுத்த கடிதத்தை நான் வாசிக்க வேண்டும்" என்று எழுதியிருந்தாள். அது அவளுடைய காரணம். அந்தக் கடிதத்தையே முதல் பாடமாக எடுத்தோம்.

இரண்டாம் படி: இன்று இரவுக்கு மட்டும் ஒரு அளவு

'சாதாரண தரத்தில் சித்தியடைய வேண்டும்' என்பது வருடத்துக்கான ஆசை. அதை வைத்துக்கொண்டு இன்று இரவு ஏழு மணிக்கு என்ன செய்வது என்று தெரியாது. 'கடந்தகால வினாத்தாளில் பின்னம் வருகிற ஐந்து கணக்கு' என்றால் கை தானாகப் பேனாவை எடுக்கும்.

சிவனொளிபாத மலைக்கு ஒரு தரமாவது போயிருப்பீர்கள். 2,243 மீற்றர். நல்லதண்ணிப் பக்கமாக இரவில் ஏறும்போது உச்சிவரை விளக்குகள் வரிசையாகத் தெரியும். அண்ணாந்து அந்தக் கடைசி விளக்கையே பார்த்துக்கொண்டு ஏறுகிறவர்களுக்குத்தான் கால் முதலில் கனக்கும். அடுத்த தேத்தண்ணிக் கடைவரை என்று ஏறுகிற ஆச்சிமார் விடியுமுன் மேலே போய் உட்கார்ந்திருப்பார்கள்.

கொப்பியில் தேதி போட்டு, இன்றைய அளவை ஒரு வரியில் எழுதுங்கள். முடிந்ததா இல்லையா என்று இன்னொருவர் பார்த்தாலும் சொல்லக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: பிழை உடனே தெரிய வேண்டும்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். ஆனால் நாம் அதிகம் விட்டுவிடுவதும் இதைத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மாசி மாதம் காமன் கூத்துக்கு முன்னால் எங்கள் தோட்டத்தில் ஒரு தாத்தா பையன்களுக்குத் தப்புப் பழக்குவார். ஒரு மாலை முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் காய்ந்த புல்லும் கடதாசியும் போட்டுத் தீ மூட்டி, தப்பைத் திருப்பித் திருப்பிக் காய்ச்சுவார். பனியில் தளர்ந்துபோன தோல் சூட்டில் இறுகும். விரலால் ஒரு தட்டுத் தட்டிக் காதைச் சாய்ப்பார், இன்னும் கொஞ்சம் காட்டுவார், மறுபடி தட்டுவார். 'டங்' என்று கணீரென்று எழும்பியதும்தான் பையனின் தோளில் மாட்டுவார்.

வலது கையில் தடித்த குட்டைக் குச்சி, இடது கையில் மெல்லிய நீளக் குச்சி. தாத்தா ஒரு அடியைப் போட்டுக் காட்டுவார், பையன் திருப்பி அடிப்பான். குச்சி தோலில் படுகிற இடம் விரலளவு தள்ளிப்போனால் சத்தம் மொத்தையாக விழும். யாரும் 'பிழை' என்று சொல்ல வேண்டியதில்லை. பையனே முகத்தைச் சுளித்து மறுபடி அடிப்பான். ஒரு மணி நேரத்தில் அவனுக்கு நூற்றுக்கணக்கான தடவை பதில் கிடைத்துவிடுகிறது: சரி, பிழை, சரி, சரி, பிழை. பனி இறங்கி எங்களுக்குக் கை விறைத்தது. அவனுக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. சாமிக்கு ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒரு அடி, இழவுக்கு ஒரு அடி என்று அவ்வளவு நுட்பம் உள்ள கலை அது. அதைத் தாழ்வாகப் பார்க்கிற பழக்கம் இன்னும் நம்மிடையே சிலருக்கு இருப்பது எனக்கு வேதனை.

இப்போது கணக்குக் கொப்பியைப் பாருங்கள். பிள்ளை இருபது கணக்குச் செய்கிறது. கொப்பி சேரிடம் போகிறது. நாலு நாள் கழித்துச் சிவப்புக் கோடுகளோடு திரும்பி வருகிறது. அதற்குள் எந்தக் கணக்கை என்ன நினைத்துச் செய்தோம் என்பதே மறந்துவிடும். நாலு நாள் கழித்துக் காய் விழுகிற கேரம் பலகையில் யார் ஆடுவார்கள்?

ஆகவே செய்ய வேண்டியது: விடைத்தாளைப் பக்கத்தில் கவிழ்த்து வையுங்கள். ஒரு கணக்கு முடிந்ததும் திருப்பிப் பாருங்கள். சரியென்றால் ஒரு புள்ளி. பிழையென்றால் எந்த வரியில் வழுக்கியது என்று கண்டுபிடித்து, அந்த வரியை மட்டும் மறுபடி எழுதுங்கள். பிறகு அடுத்தது. இருபதையும் செய்துவிட்டுக் கடைசியில் பார்க்கிற பழக்கத்தை விடுங்கள். 'விடையைப் பார்ப்பது களவு' என்று சில வீடுகளில் திட்டுவார்கள். செய்வதற்கு முன்னால் பார்த்தால்தான் களவு.

ஆங்கிலம் என்றால் ஒரு பந்தியை வாசித்துப் போனில் பதிவு செய்து உடனே கேளுங்கள். முதல் நாள் கூச்சமாக இருக்கும், மூன்றாம் நாள் பழகிவிடும். தையல் என்றால் பழைய துணியில் பென்சிலால் கோடு போட்டு, நூல் கோட்டின் மேலேயே போகிறதா என்று பாருங்கள். எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: நான் இப்போது செய்தது சரியா என்று ஒரு நிமிடத்துக்குள் எனக்கு எது சொல்லும்? அந்தச் சாட்சியைத் தேடிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

நான்காம் படி: கைக்குக் கொஞ்சம் எட்டாத உயரம்

வேலை கடினமாக இருந்து கை வராவிட்டால் பதற்றம் வரும். கை நன்றாக வந்து வேலை சுலபமாக இருந்தால் சலிப்பு வரும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாக, வேலை ஒரு சின்ன இழுப்பு மேலே இருக்கும் இடத்தில்தான் லயிப்பு வரும்.

கொழுந்து மலையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். புதிதாகப் பேர் பதிந்த ஒரு பிள்ளை நிரையில் நிற்கும்போது ஒவ்வொரு தளிரையும் தேடும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே, இது முத்தலா, இதை விடலாமா என்று கண்ணும் கையும் தனித்தனியாக ஓடும். பின்னால் கங்காணி சத்தம் போட்டால் இரண்டும் நின்றுவிடும். பக்கத்து நிரையில் இருபது வருடமாகப் பறிக்கிற அக்காவின் கை வேறு மாதிரி. மட்டக்கம்பைச் செடியின் மேல் போட்டு, அதற்கு மேலே எழும்பி நிற்பதை இரண்டு கையாலும் மாறி மாறிக் கிள்ளுவார். உள்ளங்கை நிறைந்ததும் தலைக்கு மேலால் கூடைக்குள் எறிவார். பின்னால் திரும்பிப் பார்க்க மாட்டார். பேச்சும் நடக்கும், கையும் நடக்கும். அந்தப் பிள்ளையை முதல் நாளே அக்காவின் வேகத்துக்கு விரட்டினால் முத்தல் இலைதான் கூடைக்கு வரும்.

படிப்பிலும் நாம் இப்படித்தான் விரட்டுகிறோம். பதினோராம் ஆண்டுப் பிள்ளைக்குப் பின்னம் தெரியாது, ஆனால் கையில் இருப்பது பதினோராம் ஆண்டுப் புத்தகம். வெட்கப்படாமல் ஏழாம் ஆண்டுப் புத்தகத்தை எடுங்கள். நான் வைத்திருக்கும் கணக்கு இது: பத்தில் ஆறோ ஏழோ சரியாக வருகிற இடத்தில் நில்லுங்கள். மூன்றுக்குக் கீழே போனால் ஒரு படி இறங்குங்கள். பத்தும் சரியென்றால் ஒரு படி ஏறுங்கள், அல்லது அதே கணக்கை நேரம் வைத்துச் செய்யுங்கள், அல்லது புத்தகத்தை மூடிவிட்டு ஒரு தம்பிக்குச் சொல்லிக் கொடுங்கள். மற்றவருக்குச் சொல்லிக் கொடுப்பது எந்தச் சுலபமான கணக்கையும் கடினமாக்கிவிடும்.

ஐந்தாம் படி: ஒரே காம்பராவில் இடமும் நேரமும்

'அமைதியான அறையில் மேசை போட்டு' என்று எழுதுகிற புத்தகங்கள் நமக்கு உதவாது. நம்மில் பலருக்கு ஒரு காம்பரா, ஒரு குசினி, ஒரு தொலைக்காட்சி, ஆறு பேர். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம்.

பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1999இல் எழுதிய ஒரு கட்டுரை எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. 'படிப்பேன்' என்று தீர்மானிப்பதைவிட, 'இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்' என்று நேரத்தையும் இடத்தையும் சேர்த்துத் தீர்மானிக்கிறவர்கள் அதைச் செய்து முடிப்பது அதிகம் என்பது அதன் சாரம். நம் நாளில் கடிகாரத்தைவிட உறுதியான அடையாளங்கள் இருக்கின்றன. 'அம்மா மாலை நிறுவை முடித்து வந்து, தேத்தண்ணி குடித்த கோப்பையைக் கழுவி வைத்ததும், நான் இஸ்தோப்பு மூலையில் உட்காருவேன்.' இப்படி எழுதுங்கள். ஒரு நாள் பஸ் பிந்தினாலும் அந்தக் கோப்பை கழுவப்படும்.

விடியற்காலையும் நல்லது. அம்மா நாலரைக்கு ரொட்டி தட்ட எழும்பும்போது நீங்களும் எழும்பி அடுப்படியில் உட்காருங்கள். வெளிச்சம் இருக்கும், சூடு இருக்கும், தொலைக்காட்சி இருக்காது. எனக்குத் தெரிந்த பல பிள்ளைகள் அந்த அடுப்பங்கரையில்தான் உயர்தரம் படித்தார்கள். ஆனால் இரவு பத்துக்கு முன் படுக்கிறவர்களுக்கு மட்டும்தான் இதைச் சொல்வேன். தூக்கத்தைக் குறைத்து லயிக்க முடியாது.

போன் விஷயம் சுருக்கமாக: அதை இன்னொருவர் கையில் கொடுங்கள். சத்தத்தை மட்டும் நிறுத்துவது போதாது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி முதல் வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் காட்டினார். ஒரு செய்தியைப் பார்க்க அரை நிமிடம்தான் ஆகும். ஆனால் மனம் கொப்பிக்குத் திரும்பி வர அதைவிட எவ்வளவோ அதிகம் ஆகும்.

அப்புறம், முதல் பதினைந்து நிமிடம் பிடிக்காது. எல்லாருக்கும் அப்படித்தான். ஈர விறகு பற்றுவதற்கு முன் புகைவது மாதிரி. அந்தப் புகையைப் பார்த்து 'எனக்கு இது வராது' என்று எழும்பிப் போகாதீர்கள். ஊதிக்கொண்டே இருங்கள். குறைந்தது நாற்பது நிமிடத்தை ஒரே துண்டாக ஒதுக்குங்கள். நாலு பத்து நிமிடங்களைக் கூட்டினால் அது நாற்பது ஆகாது.

ஆறாம் படி: பரிசு என்ற ஆபத்து

இது பெற்றோருக்கும், நம் தோட்டங்களில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிற தம்பி தங்கச்சிகளுக்கும்.

1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூன்று பேரும் அமெரிக்காவில் ஒரு பாலர் பாடசாலையில் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரையப் பிரியமுள்ள பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு பகுதியினரிடம் 'வரைந்தால் சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றும் இல்லை. பிறகு ஓய்வு நேரத்தில் யார் தாமாக வரைகிறார்கள் என்று பார்த்தார்கள். பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதியளவுதான் வரைந்தார்கள். விளையாட்டாக இருந்தது கூலி வேலையாக மாறிவிட்டது. எட்வர்ட் டெசியும் 1971இலேயே மாணவர்களைப் புதிர்க் கட்டைகளோடு உட்கார வைத்து, காசு கொடுத்தால் ஈடுபாடு பிறகு குறைவதையும், நல்ல வார்த்தை சொன்னால் அப்படிக் குறையாததையும் கண்டிருந்தார்.

ஆகவே 'ஒரு பக்கம் வாசித்தால் டொபி' என்று பழக்காதீர்கள். பிள்ளை எதைச் செய்ததோ அதைப் பார்த்துச் சொல்லுங்கள். "நேற்று இந்த இடத்தில் வழுக்கினாய், இன்று வழுக்கவில்லை" என்ற ஒரு வரி ஒரு பை டொபியைவிட மேல். 'நீ கெட்டிக்காரி' என்ற வார்த்தையையும் நான் இப்போது அளவாகத்தான் சொல்கிறேன். கெட்டிக்காரி என்ற பெயரைக் காப்பாற்றவே சில பிள்ளைகள் கஷ்டமான கணக்குப் பக்கம் போவதில்லை.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பரிசைப் பற்றிய இந்த ஆய்வுகளைக் கூலிப் பேச்சுக்கு இழுக்கக் கூடாது. நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்ற தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கை, வருடக்கணக்கில் போராடி, 2021இல்தான் வர்த்தமானியில் வந்தது. கூலி வயிற்றுக்கும் வாழ்வுக்குமான உரிமை. அதைக் குறைத்துக் கொடுத்துவிட்டு 'வேலையில் லயியுங்கள்' என்று தொழிலாளியிடம் சொல்ல யாருக்கும் வாயில்லை. இன்னும் சொன்னால், பேர் போடுவதற்கான கிலோவை (ஒரு நாள் கூலிக்குப் பறித்தாக வேண்டிய கொழுந்தின் அளவை) ஏற்றிக்கொண்டே போகும்போது முதலில் அழிவது அந்தக் கை நுட்பம்தான். கண் செடியை விட்டுவிட்டு, கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் தராசையே பார்க்கத் தொடங்கிவிடும்.

ஏழாம் படி: ஒரு ஆள்

தனியாகத் தொடங்காதீர்கள். அதே பாடம் படிப்பவராக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் கணக்குச் செய்யும்போது பக்கத்தில் ஒருவர் பூக்கட்டிக்கொண்டிருந்தாலும் போதும். வாசிகசாலையில் இரண்டு பேர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் மூன்றாவது ஆளும் வந்து பேசாமல் உட்காருவார்.

எங்கே வழிதவறும்?

லயிப்பு வந்துவிட்டதா என்று நடுவில் பார்க்காதீர்கள். தூக்கம் வந்துவிட்டதா என்று பார்த்தால் வந்த தூக்கமும் போய்விடும், இதுவும் அப்படித்தான். ஒவ்வொரு நாளும் அது வரவும் செய்யாது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வந்தால் போதும், மற்ற நாட்களில் இன்றைய அளவை முடித்துவிட்டு எழும்புங்கள்.

லயிப்பதெல்லாம் நல்லதும் அல்ல. நடாஷா டவ் ஷூல் என்ற மானிடவியலாளர் லாஸ் வேகாஸில் சூதாட்ட இயந்திரங்களின் முன் உட்கார்ந்திருப்பவர்களைப் பல வருடம் ஆராய்ந்தார். அவர்களில் பலர் ஜெயிப்பதற்காக ஆடவில்லை, எல்லாம் மறந்துபோகிற அந்த நிலையில் இருந்துகொண்டே இருப்பதற்காக ஆடினார்கள். போனில் விரலால் தள்ளிக்கொண்டே போகிற வீடியோக்களும், காசு கட்டி ஆடுகிற விளையாட்டுகளும் அதே வகைதான். உடனே பதில் வருகிறது, நேரம் போவது தெரியவில்லை, எல்லாம் சரி. ஆனால் எழும்பும்போது கை புதிதாக எதையும் கற்றிருக்காது. நேற்றைவிட இன்று என்ன செய்ய முடிகிறது என்று கேட்டால் ஒன்றும் இல்லை. மேலே சொன்ன கேரமுக்குக்கூட இந்தக் கேள்வியைப் போடலாம். அவன் உண்மையிலேயே கெட்டிக்காரனாகிக்கொண்டுதான் இருந்தான், அதனால் நான் பலகையை எடுத்து வைக்கச் சொல்லவில்லை.

இன்னொன்று. இரண்டு கிழமைக்கு மேலாக எதிலும் மனம் போகவில்லை, பிடித்த சாப்பாடும் பிடிக்கவில்லை, தூக்கம் கெட்டுவிட்டது, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், இந்தப் படிகள் அதற்கு மருந்தாகாது. சோம்பல் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். வைத்தியரிடம் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்கு அழைக்கலாம். காலையில் வெறும் பிளேன்டீயோடு பாடசாலைக்கு வருகிற பிள்ளைக்கும் இந்தப் படிகளுக்கு முன்னால் வேண்டியது சாப்பாடு.

நாளைக்கே தொடங்க

ஒரு பழைய கொப்பி எடுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் காரணம் ஒரு வரி. அடுத்த பக்கத்திலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரே வரி: தேதி, தொடங்கிய நேரம், இன்றைய அளவு, எத்தனை சரி, முடித்த நேரம். இரண்டு கிழமைக்கு வேறு எதையும் மாற்ற வேண்டாம். பிறகு அந்த வரிகளைப் படித்துப் பார்த்து, எந்த நாள் நன்றாக ஓடியது, அன்று என்ன வேறாக இருந்தது என்று பாருங்கள்.

அந்தக் கேரம் பையனும் ஏழாம் ஆண்டுப் புத்தகத்திலிருந்து இப்படித்தான் தொடங்கினான். அவனுடைய கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் வாரத்தில் எல்லா வரியும் ஒரே மாதிரி: 7.10, பின்னம் ஐந்து, சரி இரண்டு, 7.25. முடித்த நேரத்தை மட்டும் அழுத்தி எழுதியிருப்பான். மூன்றாவது வாரத்தில் ஒரு புதன்கிழமை: 7.05, பின்னம் ஐந்து என்று எழுதி, ஐந்தை வெட்டிப் பன்னிரண்டு என்று திருத்தியிருக்கிறான், சரி ஒன்பது. முடித்த நேரம் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. ஏன் எழுதவில்லை என்று மறுநாள் கேட்டேன்.

"பாக்க மறந்துட்டேன் சேர். அம்மா லைட்ட அணைக்கச் சொன்னாங்க."